கோவூர் கிழாரும் பன்னிரண்டு-மூன்றும்

மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் காலை மின்சார ரயிலில் பையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். சாப்பாட்டு டப்பா புடைத்துத் தெரியும் பை, சிப்காட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிறவருடையது. ஒரு நோட்டும் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டும் மட்டும் உள்ள மெலிந்த பை, பொன்னேரியிலோ கவரைப்பேட்டையிலோ இறங்கப்போகும் மாணவருடையது. வணிகவியலோ மேலாண்மையோ படிக்கிறவர் என்றால் அந்த ஜெராக்ஸ் கட்டில் ‘கான்ஃப்ளிக்ட் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு பகுதி அநேகமாக இருக்கும். பஜார் நோட்ஸ் கணக்கில் எட்டு, பத்துப் பக்கம். மூன்று நான்கு ஆண்டுகளில் அந்த மாணவரும் சாப்பாட்டு டப்பாவோடு சிப்காட் கேட்டுக்குப் போய்விடுவார். எச்.ஆர். உதவியாளர், சூப்பர்வைசர், கான்ட்ராக்ட் கணக்கர் என்று ஏதோ ஒரு வேலை. கேட்டுக்கு வெளியே நூறு பேர் உட்கார்ந்துவிட்ட ஒரு காலையில், அந்தப் பத்துப் பக்கம் அவர் நினைவுக்கு வருமா? வந்தாலும் எதற்காவது உதவுமா?

பத்துப் பக்கத்தின் நடுநாயகம் ஒரு கட்டம் போட்ட படம். கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்ட வினாப்பட்டியலிலிருந்து வந்தது. 30 ஜோடி வாக்கியங்கள் தருவார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் நமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் காரியத்தில் நமக்கு எவ்வளவு பிடிவாதம், எதிராளியின் காரியத்துக்கு எவ்வளவு இடம் தருகிறோம் என்ற இரண்டு அளவுகளை வைத்து ஐந்து வழிகளில் ஒன்றில் நம்மை உட்காரவைப்பார்கள்: மோதுவது, ஒதுங்கிப்போவது, விட்டுக்கொடுப்பது, ஆளுக்குப் பாதி என்று முடிப்பது, இருவருமாகச் சேர்ந்து புது வழி தேடுவது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இது நல்ல கண்ணாடி. ஒரே அலுவலகத்தில், ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு நன்றாகவே பயன்படும். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் ஒடிசாவிலிருந்து வந்து மேஸ்திரி மூலம் வேலை செய்கிறவர் ஒதுங்கிப்போனால் அதை அவருடைய ‘பாணி’ என்று எழுதலாமா? நாளைக்கு டோக்கன் கிடைக்காது என்ற பயத்துக்குக் கட்டத்தில் இடம் கிடையாது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, மூலத்தில் இருந்த கதைகளை நம் நோட்ஸ் கழற்றிவிட்டதுதான். மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-இல் ஆக்கபூர்வமான முரண் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் நடந்ததை அதில் சொல்கிறார். ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார், மற்றவர் மூட வேண்டும் என்கிறார். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்துவிடுகிறார்கள். ஒருவருக்குத் தேவைப்பட்டது காற்று. மற்றவருக்கு வாடைக்காற்று நேரே மேலே படக்கூடாது. ஜன்னலை விட்டுத் தேவையைப் பார்த்ததும் விஷயம் முடிந்துவிட்டது. நம் நோட்ஸில் இந்த ஜன்னல் இருக்காது. ‘இன்டகிரேஷன்: இரு தரப்பு நலன்களையும் ஒருங்கிணைத்தல்’ என்று ஒற்றை வரி இருக்கும். கதையை எடுத்துவிட்டு வரையறையை வைத்துக்கொள்வது நம்முடைய பழைய பழக்கம். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு வரையறைதானே எழுத முடியும்!

மொழியும் பாடப்பொருளில் சேர்த்திதான். ‘கான்ஃப்ளிக்ட்’ என்ற ஒற்றைச் சொல்லை ‘முரண்பாடு’ என்று பெயர்த்துவிட்டுத் தமிழ்வழி நோட்ஸ் நகர்ந்துவிடுகிறது. முரண்பாடு என்றால் இரண்டு கூற்றுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பது. தர்க்கத்தில் வரும் சொல். வீட்டிலும் தெருவிலும் கேட்டிலும் நாம் புழங்குவது வேறு சொற்களை. மனஸ்தாபம் வந்தால் பேசாமல் இருப்பார்கள். உரசல் என்றால் இன்னும் கைகலக்கவில்லை. தகராறு வாய் மீறியது. பூசலுக்கு ஊரே சாட்சி. வழக்கு என்றால் மூன்றாவது ஆள் வந்தாகிவிட்டது. பஞ்சாயத்து என்றால் அந்த மூன்றாவது ஆளை இரண்டு பேருமே ஏற்றுக்கொண்டாயிற்று. திருக்குறள் பகைமை மனப்போக்குக்கென்றே ‘இகல்’ என்று 86-ஆவது அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் தலையிடலாம் என்பதை இந்தச் சொற்களே தரம் பிரித்துச் சொல்லிவிடும். ஒரு மாணவரிடம் இந்த ஏழெட்டுச் சொற்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், எந்தப் புத்தகமும் இல்லாமல் ஒரு வகுப்பு நேரத்துக்குப் பேசுவார். ‘முரண்பாட்டு மேலாண்மையின் படிநிலைகள் யாவை’ என்று கேட்டால் ஜெராக்ஸைத் தேடுவார்.

எந்தப் பொருளைக் கொண்டு கற்பித்தால் எது மனதில் நிற்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜெஃப்ரி லோவன்ஸ்டைன், லீ தாம்சன், டெட்ரே கென்ட்னர் மூவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. மேலாண்மை மாணவர்களிடம் ஒரே தத்துவம் ஒளிந்திருக்கும் இரண்டு பேச்சுவார்த்தைக் கதைகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் ஒவ்வொரு கதையையும் தனித்தனியே படித்து, அதில் வருகிறவர்களுக்கு யோசனை சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பிறகு எல்லோரையும் நேருக்கு நேர் பேரம் பேசவிட்டபோது, ஒப்பிட்டவர்கள் அந்தத் தத்துவத்தை மற்றவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பயன்படுத்தினார்கள். இரண்டு பிரிவும் படித்தவை ஒரே கதைகள்தான். ஒப்பிடச் சொன்ன ஒரே கட்டளைதான் வேறுபாடு.

2003-இல் ஜானிஸ் நாட்லர், லீ தாம்சன், லீஃப் வான் போவன் இன்னும் ஒரு படி போனார்கள். தத்துவத்தை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது, பேரம் முடிந்தபின் எதிராளியின் உண்மையான தேவையை வெளிப்படுத்திக் காட்டுவது, கதைகளை ஒப்பிடவைப்பது, தேர்ந்தவர்கள் பேசுவதைப் பார்க்கவைப்பது என்று நான்கு முறைகளைப் பக்கம் பக்கமாகச் சோதித்தார்கள். ஒப்பிட்டவர்களும் பார்த்தவர்களும் இரு தரப்புக்குமே நல்ல முடிவை எட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பார்த்துக் கற்றவர்களே அதிகம் முன்னேறினார்கள். ஆனால் என்ன கற்றோம் என்று எடுத்துச் சொல்வதில் அவர்களே கடைசி. கொத்தனார் வேலையும் மீன்வலை பின்னுவதும் இப்படித்தான் கைக்கு வருகின்றன. நம் பல்கலைக்கழகத் தேர்வோ எடுத்துச் சொல்வதை மட்டுமே அளக்கும் தராசு.

இந்தக் கும்மிடிப்பூண்டி ரயில் போகும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தக்க வழக்குகள் கிடக்கின்றன. இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது 2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், பூந்தமல்லி அருகே ஜமீன் கொரட்டூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் செய்தி பரவியது. 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், எளிதில் எடுபடவில்லை. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

இரண்டாவது 2025 செப்டம்பர் தொடக்கம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தையொட்டிய தொழிலாளர் குடியிருப்பில் உத்தரப் பிரதேசத் தொழிலாளர் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். இழப்பீடு கேட்டு வெளிமாநிலத் தொழிலாளர்கள் திரண்டார்கள். பேச்சு முற்றியது, கல் பறந்தது, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, பலர் கைதானார்கள்.

தனித்தனியே படித்தால் முதலாவது உணவுப் பாதுகாப்புப் பிரச்சினை, இரண்டாவது சட்டம்-ஒழுங்குப் பிரச்சினை. பத்திரிகைகளும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதின. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வரிகள் தெரியத் தொடங்கும். இரண்டுமே ஆலைக்குள் வெடிக்கவில்லை, தூங்கும் இடத்தில் வெடித்தன. இரண்டிலும் மரணச் செய்தி இருந்தது. ஒன்றில் வதந்தி, மற்றதில் நிஜம். ஆனால் கூட்டம் கூடிய வேகத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. உள்ளூர் மொழி பேசும் இளம்பெண்கள் ஒரு பக்கம், இந்தி பேசும் ஆண்கள் மறுபக்கம். ஆகவே மொழியை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. விடுதியை நடத்துவது யார், ஆளை எடுத்தது யார், வேலை வாங்குவது யார் என்ற கேள்விக்கு மூன்று வெவ்வேறு பதில்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே சொன்னால் இரு பக்கமும் நம்பும் ஆள் ஒருவர்கூட இல்லை. இந்தக் கடைசி வரியை ஆசிரியர் சொல்லக்கூடாது; மாணவரே கண்டுபிடித்து எழுத வேண்டும். அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

கண்டுபிடித்தபின் மூன்றாவது வழக்கைக் கொடுக்கலாம். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. இங்கே தொழிலாளர்கள் நம்பும் ஆள் இருந்தார். யாரை நம்பலாம் என்பதே சண்டையாக இருந்தது. சி.ஐ.டி.யு. சார்ந்த சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்டார்கள். ‘சாம்சங்’ என்ற பெயரைச் சங்கத்துக்கு வைக்கக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. நடுவில் அக்டோபர் 7 அன்று தொழிலாளர் குழு ஒன்றோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. சங்கம் அதை ஏற்கவில்லை. போராட்டம் இன்னும் ஒரு வாரம் ஓடியது. பந்தல் பிரிப்பு, கைதுகள், அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சு என்று எல்லாம் ஆனபிறகு வேலைக்குத் திரும்பினார்கள். உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. கட்டம் போட்ட படத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். நிர்வாகம் 7-ஆம் தேதி செய்தது ‘சேர்ந்து வழி தேடுவதா’, ‘மோதுவதா’? யார் எதிர்த்தரப்பு என்பதை ஒரு தரப்பே தேர்ந்தெடுக்கும்போது ஐந்து கட்டங்களும் குழம்பிவிடுகின்றன.

இந்த இடத்தில்தான் ‘பன்னிரண்டு-மூன்று’ வருகிறது. தொழிற்சங்கத்துக்காரர்கள் ‘பன்னிரண்டு-மூன்று போட்டாச்சா?’ என்று கேட்பதை ஆலைப் பகுதி டீக்கடைகளில் கேட்டிருக்கலாம். 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவு அது: தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடும் ஒப்பந்தம். கையெழுத்துப் போடாத தொழிலாளியையும் அது கட்டும். ‘பதினெட்டு-ஒன்று’ என்றால் இரு தரப்பும் தாங்களே போட்டுக்கொண்டது. கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்த மாணவருக்கு, குழுவோடு போட்ட ஒப்பந்தம் ஏன் போராட்டத்தை முடிக்கவில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத் தாளையே பாடமாக வைக்கலாம் என்பது என் கட்சி. அதன் அமைப்பு எளிது. தரப்பினர் பெயர்கள், அவர்கள் சார்பில் பேசியவர்கள், பிறகு வழக்கின் சுருக்கம், பிறகு ஷரத்துகள், கையெழுத்துகள், சமரச அலுவலரின் முத்திரை. வழக்கின் சுருக்கம் சில சமயம் அரைப்பக்கம்கூட இருக்காது. மாதக்கணக்கில் நடந்த கேட் மீட்டிங், சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன், ஒருவரையொருவர் பார்த்துக் கத்தியது எல்லாம் அந்த அரைப்பக்கத்துக்குள் அடங்கி, யாரையும் குற்றம் சொல்லாத ஒரு வறண்ட நடையில் உறைந்திருக்கும். ‘பழிவாங்கும் நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது’ என்ற மாதிரியான ஒரு ஷரத்தில், ‘மாட்டாது’ என்ற சொல்லுக்காக ஓர் இரவு முழுக்கப் பேசியிருப்பார்கள். அந்த அரைப்பக்கத்தை வைத்துக்கொண்டு மாதங்களைத் திரும்பக் கட்டி எழுப்பச் சொன்னால், அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அம்பத்தூரில் இயங்கும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மையைப் பட்டப்படிப்பாகவே நடத்துகிறது. அங்கே படித்தவர்கள் தொழிலாளர் நல அலுவலர்களாகப் போகிறார்கள். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் அப்படி ஓர் அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆவது பிரிவு. ஒப்பந்தத் தாள் அவர்களுக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் கேட்டில் முதலில் மாட்டிக்கொள்வது பி.பி.ஏ. முடித்த இருபத்திரண்டு வயதுப் பையன்.

அவன் கையிலிருக்கும் நோட்ஸுக்கு இன்னொரு விபத்தும் நேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து 1947 சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் சட்டம் கட்டாயமாக்கியிருந்த 14 நாள் வேலைநிறுத்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. பாதிப் பேர், அல்லது அதற்கு மேல், ஒரே நாளில் சேர்ந்து விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீத ஆதரவு உள்ளது மட்டுமே பேச்சுவார்த்தைச் சங்கம். ‘பன்னிரண்டு-மூன்று’ என்ற எண் சட்டத்திலிருந்து போய்விட்டது. டீக்கடையில் இன்னும் பல ஆண்டு இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து ஆண்டுக்கு முன் தட்டச்சான நோட்ஸ் ஜெராக்ஸ் கடையில் எவ்வளவு நாள் இருக்குமோ!

ஒப்பிடுவதற்கு எப்போதும் ஆலைக்கே போக வேண்டும் என்பதில்லை. இதே மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டு தமிழ்ப் பாடமும் படிக்கிறார்கள். புறநானூற்றில் கோவூர் கிழாரின் இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன, 44-ம் 45-ம். சோழர் குடிக்குள்ளேயே சண்டை: நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். முதல் பாட்டில் புலவர் உள்ளே இருப்பவனிடம் பேசுகிறார். ஊரார் படும் பாட்டைக் காட்டி, அறவழியை விரும்பினால் கதவைத் திறந்து கொடுத்துவிடு, மறவழியை விரும்பினால் திறந்து வந்து போரிடு, இரண்டும் இல்லாமல் அடைத்துக்கொண்டிருப்பது வெட்கம் என்கிறார். அடுத்த பாட்டில் இருவரிடமும் பேசுகிறார். எதிரே நிற்பவன் சேரனும் இல்லை, பாண்டியனும் இல்லை. அவன் மாலையும் உன் மாலையும் ஒரே ஆத்திப்பூ. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி.

ஒதுங்கிப்போவதன் விலையை மூன்றாவது ஆள் கொடுக்கிறான் என்பது 44. வெற்றி என்ற சொல்லுக்கே பொருளை மாற்றிவிடுவது 45. தாமஸ்-கில்மன் கட்டத்தைவிட இது கூர்மையானது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அதே சமயம், இதைப் பார்த்து ‘எல்லாம் நம் முன்னோர் சொல்லிவிட்டார்கள்’ என்று மீசையை முறுக்குவதிலும் பயனில்லை. கோவூர் கிழாருக்கு இரண்டு அரண்மனையிலும் வாசல் திறந்திருந்தது. சாம்சங் பந்தலுக்கும் நிர்வாக அலுவலகத்துக்கும் அப்படிப் போய்வர யாரால் முடிந்தது? 45-ஆம் பாட்டையும் 37 நாள் வேலைநிறுத்தத்தையும் பக்கத்தில் வைத்தால் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடியா என்பது அடுத்த கேள்வி. அதற்கு வகுப்பே இரண்டாகப் பிரியும், பிரியட்டும். பத்து மணிக்குத் தமிழ் வகுப்பில் கோவூர் கிழாரையும் பதினோரு மணிக்கு மேலாண்மை வகுப்பில் ஐந்து கட்டங்களையும் படித்துவிட்டு, இரண்டும் ஒரே விஷயம் என்று யாரும் சொல்லாமலேயே அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

எந்த நல்ல பாடப்பொருளும் எட்டாத இடமும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மேற்கே தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் தொழிற்பேட்டைக்கு எடுத்தபோது, ஊர் மக்கள் எதிர்த்தார்கள். அங்கே டயர் ஆலை வைத்த மிச்சலின் மீது 2012-இல் பிரான்ஸ் நாட்டின் அரசு அமைப்பொன்றிடம் புகார் போனது. ஓர் ஊரின் மேய்க்கால் தகராறு பாரிஸில் விசாரணைக்கு வந்த கதை அது. நிறுவனம் விதியை மீறவில்லை என்று 2013-இல் முடிவு சொல்லப்பட்டது, சில பரிந்துரைகளோடு. ஊராரும் நிறுவனமும் ஒரு மேசையில் உட்கார்ந்து தீர்க்கும் வடிவமே அந்தத் தகராறுக்கு இல்லை. நிலத்தைக் கொடுத்தது அரசு.

இன்னொன்று, மாணவர்கள் வந்துபோகும் ரயிலே. ஒரு ரூட்டில் வரும் மாணவர் அணியின் தலைவனை ‘ரூட்டு தல’ என்பார்கள். திருவள்ளூர் ரூட்டு, கும்மிடிப்பூண்டி ரூட்டு என்று பாதைவாரியாக அணி சேர்ந்து, கல்லூரிப் பெயருக்காக மோதிக்கொள்வது பல ஆண்டுக் கதை. போலீஸ் பிணைப் பத்திரம் எழுதி வாங்கியது, பெற்றோரை அழைத்துப் பேசியது. 2024 அக்டோபரில், திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து ரயிலில் வந்து மாநிலக் கல்லூரியில் படித்த இளைஞர் ஒருவர், சென்ட்ரல் அருகே தாக்கப்பட்டுச் சில நாட்களில் இறந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். இருதரப்பும் இதே மாவட்டத்து ரயில்களில் ஏறி இறங்கும் வீட்டுப் பிள்ளைகள். கோவூர் கிழார் சொன்ன ஆத்திமாலை அப்படியே பொருந்தும். ஆனால் அங்கே யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. ஜன்னலும் இல்லை, காற்றும் இல்லை. கெத்து மட்டும் இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும் என்ற ஊகத்தின்மேல் எழுந்தவை மேலாண்மைப் புத்தகங்கள். கெத்துக்கு அவற்றில் அலகு கிடையாது. இதை வகுப்பில் பேசலாம், பேசத்தான் வேண்டும். வகுப்பில் நடத்தும் வழக்குப் பாடம் அந்த ரயில் பெட்டிக்குள் போய் நிற்கும் என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது.

சரி, இப்படி வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பாடத்தை யார் எழுதுவது? ஒரு வழக்கைப் பாடமாக்க வேண்டும் என்றால் பழைய செய்தித்தாள், நீதிமன்ற உத்தரவு, ஒப்பந்தத் தாள், சம்பந்தப்பட்ட இரு தரப்பிலும் இரண்டிரண்டு பேரோடு பேச்சு என்று ஒரு மாதமாவது ஆகும். அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகளைத் தாங்குகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதே அவர்களுக்கு நிச்சயமில்லை. அது அவர்களுடைய தகராறு. அவர்களில் ஒருவர் துணிந்து ஜமீன் கொரட்டூரையும் காட்டுப்பள்ளியையும் ஒரே தாளின் இரு பக்கமாக அடித்து, அறுபது பிரதி ஜெராக்ஸ் எடுத்து, பெஞ்ச் பெஞ்சாகக் கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி பெஞ்சிலிருந்து வரும் முதல் கேள்வி என்னவென்று ஆசிரியராக இருந்த யாருக்கும் தெரியும்.

“சார், இது எக்ஸாமுக்கு வருமா?”